மூணு நூலா, பத்து மில்லியா

"முதல்ல கடைக்காரர்கிட்ட அளக்க வெர்னியர் இருக்கான்னு கேளு" என்றார் அப்பா, போனில்.

சைக்கிள் கடை மேசைமேல் போன் மல்லாந்து கிடந்தது. பக்கத்தில் அவள் வீட்டிலிருந்து கையிலேயே தூக்கி வந்த பின்சக்கரம். அதிலிருந்து உருவிய அச்சு இரண்டு துண்டாக ஒரு பழைய செய்தித்தாளில் கிடந்தது. கடைக்காரர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சுவரில் தொங்கிய டியூப்களைப் பார்த்தாள்.

"இருக்கு சார்" என்று அவரே போனுக்குக் குனிந்து சொன்னார்.

"பழசா, நம்பர் காட்டுறதா?"

"பழசுதான்."

"அதான் நல்லது. அது பொய் சொல்லாது. உடைஞ்சதை அளந்து சொல்லுங்க. அங்குலக் கணக்குல மூணு நூலா, இல்ல பத்து மில்லியா? ரெண்டும் பார்வைக்கு ஒண்ணுதான். அரை மில்லி கூட வித்தியாசம் கிடையாது. ஆனா ஒண்ணோட திருகு மரையில இன்னொண்ணு ஏறாது."

தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் அளவு பார்த்து ஓய்ந்தவர் அப்பா. தெருவில் அவருக்கு மில்லிமீட்டர் என்றே பெயர். மூன்று வருஷத்துக்கு முன் நுரையீரல் கைவிட்டது. அன்றிலிருந்து கட்டிலருகே ஆக்ஸிஜன் மெஷின், மூக்கில் குழாய். குழாயின் நீளம் ஏழு மீட்டர். கட்டிலிலிருந்து குளியலறை வரை வரும், வாசல் வரை வராது. வாசலுக்கு அந்தப்பக்கம் இருந்த உலகம் முழுவதையும் அவர் மூத்த மகளின் போன் வழியாகத்தான் நடத்திக்கொண்டிருந்தார்.

அவளுக்கு நாற்பத்தொன்று. பல் செட் செய்யும் லேபில் வேலை. மெழுகில் பல் பதிக்கும்போது போன் அடிக்கும். சாலையைக் கடக்கும்போது அடிக்கும். "எங்க இருக்கே?" என்றுதான் தொடங்கும். இரண்டு வருஷத்துக்கு முன் வேறு ஊரில் ஒரு பெரிய லேப் அவளைக் கூப்பிட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லாமலே வேண்டாமென்று எழுதிப் போட்டாள்.

வேலைக்குப் போக, வர அந்த சைக்கிள்தான். செய்து முடித்த பல் செட்டுகளை டப்பாவில் அடுக்கி, கேரியரில் கட்டி, ஒவ்வொரு பல் டாக்டரிடமும் கொண்டுபோய்க் கொடுப்பாள். மாதம் இருமுறை, மின்சாரம் போனால் உதவும் சிலிண்டரும் அதே கேரியரில் வரும். நேற்று முன்தினம் சிலிண்டரோடு வரும்போதுதான் நடுத்தெருவில் அச்சு முறிந்தது. சைக்கிளை ஒரு கையிலும் சிலிண்டரை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது அவர் கேட்டது, "எந்த இடத்துல முறிஞ்சுது? வலப்பக்கமா, இடப்பக்கமா?"

"பத்து மில்லி சார்" என்றார் கடைக்காரர். மூன்று அச்சுகளை எடுத்து வரிசையாக வைத்தார். "இது உங்க பழசு மாதிரி. சைக்கிளுக்குப் போதும். ஆனா கேரியர் கால் ரெண்டையும் அச்சுலயே மாட்டியிருக்கீங்க. நட்டுக்குப் பாதி மரைதான் கிடைச்சிருக்கு, ஆடி ஆடி முறிஞ்சிடுச்சு. இது அதைவிட நீளம், கெட்டி. கேரியர் காலும் மாட்டலாம், நட்டும் முழுசா ஏறும். மூணாவது இது. உள்ளே ஓட்டை. ஒரு லீவரைத் தூக்கினா சக்கரம் கையோட வந்துடும், ஸ்பானரே வேணாம்."

அவள் மூன்றாவதைக் கையில் எடுத்தாள். இறகு மாதிரி இருந்தது. பஞ்சரான சக்கரத்தோடு, நட்டு கழலாமல், போன் அடிக்க அடிக்கத் தெருவோரம் நின்ற மாலைகள் நினைவுக்கு வந்தன.

"இது நல்லாருக்கு" என்றாள்.

"எது? எதைச் சொல்றா அவ?"

"கழட்டி மாட்டுறது சார். ஆனா அதுல கேரியர் கால் நிக்காது."

"அப்ப அதைக் கீழ வைக்கச் சொல்லுங்க."

"அப்பா, ஓட்டுறது நான்."

"சிலிண்டர் யாருக்கு வருது?" அவருக்கு மூச்சு வாங்கியது. மெஷினின் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. "கடைக்காரரே, அவளுக்கு இதெல்லாம் தெரியாது. அவசரக்காரி. நீங்க என்கிட்ட பேசுங்க. மரையைத் தடவிப் பாருங்க, பிசிறு இருக்கான்னு..."

அவள் ஸ்பீக்கரை அணைத்தாள். இணைப்பைத் துண்டிக்கவில்லை. துண்டித்தால் அடுத்த நொடியே அடிக்கும். போனைத் துணிப்பைக்குள் போட்டு, அதன்மேல் சால்வையைத் திணித்து, பையைக் காலடியில் வைத்தாள். மின்விசிறியின் சத்தம் அப்போதுதான் அவளுக்குக் கேட்டது.

யாரும் பேசாத அந்த இடத்தில் நின்று மூன்றையும் மாறி மாறிப் பார்த்தாள். கெட்டி அச்சை எடுத்தாள். கட்டைவிரலால் மரையைத் தடவினாள். "குண்டுகளைப் பிடிக்கிற பழைய கோன் இதுல ஏறுமா? ரெண்டு பக்கமும் எவ்வளவு வெளிய நிக்கும்?" என்று கேட்டாள். கேட்டது தன் குரல்தானா என்று இருந்தது. கடைக்காரர் அளந்து சொன்னார். கேரியருக்கு அதைவிட்டால் வேறு கிடையாது. அவளாக யோசித்துப் பார்த்தாலும் அதுதான் வந்தது. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

"இதையே போடுங்க" என்றாள்.

அவர் மசகு பூசி, குண்டுகளை அடுக்கி, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. பையிலிருந்து போனை எடுத்துக் காதில் வைத்தாள். மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

"அப்பா?"

பதில் இல்லை. கோபித்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வது அவருக்குப் புதிதில்லை. ஒருமுறை இரண்டு நாள் பேசாமல் இருந்தார். இருக்கட்டும் என்று போனைப் பைக்குள்ளேயே போட்டாள். வழியில் ஒரு பழச்சாறு கடையில் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு டம்ளர் சாற்றைக் கடைசிச் சொட்டு வரை நிதானமாகக் குடித்தாள். அப்படிக் குடித்து எத்தனை நாளாயிற்று!

வீட்டில் அவர் தலையணையில் சாய்ந்தபடி இருந்தார். மூக்கில் குழாய் இருந்தது, காற்று போய்க்கொண்டிருந்தது. அதை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை. நெஞ்சுமேல் போன், திரையில் நொடிகள் ஏறிக்கொண்டிருந்தன. அவள் சக்கரத்தைக் கீழே வைக்கவே மறந்து, ஒரு கையில் பிடித்தபடி நின்றாள். பிறகு இன்னொரு கையால் போனை எடுத்து இணைப்பை அணைத்தாள். ஒரு மணி பன்னிரண்டு நிமிடம்.

டாக்டர் வந்து பார்த்தார். "கஷ்டப்படலம்மா. நீங்க பக்கத்துல இருந்திருந்தாலும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது."

"எத்தனை மணிக்கு?"

"ஒரு மணி நேரம் ஆயிருக்கலாம்."

"ஒரு மணி நேரமா, முக்கால் மணியா?"

"அதெல்லாம் அவ்வளவு துல்லியமா சொல்ல முடியாதும்மா."

அவள் தலையாட்டினாள். மறுபடி அதையே கேட்கப் போனவள், அவர் பையை மூடுவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை தங்கை கணவனோடு வந்து சேர்ந்தாள். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வந்தவர்கள் போனபின் தங்கை அவள் தோளில் சாய்ந்து கேட்டாள்: "கடைசியா என்னக்கா சொன்னார்? என்னைக் கேட்டாரா?"

"நல்லாத்தான் பேசிட்டிருந்தார். சைக்கிள் அச்சைத் தடவிப் பாக்கச் சொன்னார். பிசிறு இருக்கான்னு."

தங்கை சிரித்தாள், அப்படியே அழுதாள். "அவரேதான். கடைசி மூச்சு வரைக்கும் மில்லிமீட்டர்தான். நீ குடுத்து வச்சவக்கா, கடைசி வரைக்கும் அவர் குரலைக் கேட்டுக்கிட்டே இருந்தே."

அவள் சேலை நுனியில் ஒட்டியிருந்த மசகுக் கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நாங்க பேசிட்டோம். இனிமே நீ எதுக்கு இங்க தனியா? எங்க வீட்டுக்கே வந்துடு. மாமியாருக்கு இடுப்பு எலும்பு முறிஞ்சதுலேர்ந்து எழுந்திருக்கவே முடியல. ஆள் வச்சா ரெண்டு நாள் கூட நிக்க மாட்டேங்குறாங்க. நீ இருந்தா எனக்குப் பயமே இல்ல. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"ரயில்ல உங்களுக்கும் சேர்த்தே இடம் போட்டுடட்டுமா அண்ணி?" என்றார் தங்கை கணவர், கதவருகே நின்று, மிகவும் மரியாதையாக.

"மழை வர்ற மாதிரி இருக்கு. மேல துணி காயுது" என்று அவள் எழுந்தாள்.

மாடியில் கம்பி நிறையத் துணி, முதல் நாள் இரவு துணைக்கு இருந்தவர்கள் படுத்த விரிப்புகள். முதல் தூறல் சிமெண்டுத் தரையில் புள்ளி வைக்கத் தொடங்கியிருந்தது. ஒரு விரிப்பை உருவித் தோளில் போட்டாள். கையில் இடமில்லாமல் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டாள்.

"அக்கா!" கீழேயிருந்து தங்கையின் குரல் வந்தது. "இந்த ரயிலா, அடுத்ததா? அவர் கேக்குறார்!"

வாயில் கிளிப்பை வைத்துக்கொண்டு யாருக்கும் பதில் சொல்ல முடியாது. அவள் அடுத்த கிளிப்பையும் கழற்றி, முதல் கிளிப்புக்குப் பக்கத்தில் பற்களுக்கு இடையே செருகிக்கொண்டாள்.

"அக்கா, கேக்குதா?"

மழை வலுத்தது. அவள் மூன்றாவது கிளிப்புக்குக் கை நீட்டினாள்.