பந்துக்குத் திங்கட்கிழமை

பெனிசிமானியோ அவர் பழக்கிய பையன்களோ தொட்ட பந்து ஞாயிற்றுக்கிழமைகளில் தரையை விட்டு எழும்பாது. பசிபிக் தீவு நாடான டோங்காவில் ஞாயிறன்று விளையாடுவதே குற்றம் என்பதால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாலிபத்தில் ஒருமுறை ஆலயத்துக்குப் பின்னால் திருட்டுத்தனமாக உதைத்துக் கால்விரலை உடைத்துக்கொண்டார். போலீஸ் வந்து பார்த்து, பந்து நகராததால் விளையாட்டே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனது. பிறகு வெகுகாலம் நாட்டுக்காக ரக்பி ஆடினார், எல்லாம் பக்கத்துத் தீவுகளில், சனிக்கிழமைகளில். ஞாயிறுதோறும் ஊர் ஆலயத்தில் பிரசங்கம் செய்தார். எந்தக் கோப்பையைவிடவும் அவருக்கு அந்த மேடைதான் பெரிது.

தேசிய அணிக்குப் பயிற்சியாளரானதும் வந்தது வினை. உலகக் கோப்பைக்குப் போக ஐரோப்பாவில் மூன்று ஆட்டம், ஒன்று ஜெயித்தாலே போதும். மூன்றும் ஞாயிறு! ரக்பி சங்கத்துக்காரர்களிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, மூன்றையும் சனிக்கு மாற்றினார். முதல் சனி மதியம் பந்து கல்லாய்க் கிடந்தது. எதிரணி தொட்டால் பறக்கிறது, நம் பையன் தொட்டால் இரண்டு கையாலும் தூக்க முடியவில்லை. அடுத்த சனியும் அதே கூத்து. தோற்ற கையோடு மனைவி லேசியேலிக்குப் போன் போட்டார்.

“சீக்கிரம் பேசுங்க. விடியக்காலை அஞ்சு மணி ஆராதனைக்கு மணி அடிச்சாச்சு.”

“சனிக்கிழமை என்னடி ஆராதனை?”

“அங்கதான் சனி. இங்க ஞாயிறு பொறந்தாச்சு. இது கூடத் தெரியாமலா இத்தனை பிளேன் ஏறுனீங்க?”

பந்து ஊர்க் கிழமையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. கடைசி ஆட்டத்தை மறுபடி ஞாயிறுக்கே மாற்றச் சொன்னபோது சங்கத்துக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயா, எங்களைப் பாத்தா எப்படித் தெரியுது?” அதையாவது பொறுக்கலாம். ஊரிலிருந்து போதகர் உயிலிசோனி கூப்பிட்டார்.

“ஞாயித்துக்கிழமை ஆடுனா இனி மேடைப் பக்கம் வராதே, பெனி.”

“இங்கதான் ஞாயிறு போதகரே, ஊர்ல திங்கள்!”

“அப்ப ஊருக்கு வந்து ஆடு.”

பெனிசிமானி போனை வைத்துவிட்டு அழுதார். பிறகு பையன்களை மைதானத்தில் இறக்கினார். ஞாயிறு மதியம் பந்து பறந்தது, டோங்கா ஜெயித்தது. ஊர் மண்டபத்தில் எல்லோரும் டிவி பார்த்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்து அதிகம் கத்தியவர் போதகர்தான்.

திரும்பி வந்தவருக்கு அவரே மாலை போட்டுக் கட்டிப்பிடித்தார். அதே வாரம் பிரசங்கத்திலிருந்து நீக்கினார்.

“நல்லா ஆட வச்சே பெனி. பந்துக்குத் திங்கக்கிழமை, சரி. நீ நின்னது ஞாயித்துக்கிழமையில.”

இப்போது அணி வெளிநாடு போனால் ஊர்க் கிழமை கேட்டுத்தான் ஆட்டம் குறிக்கிறார்கள். பெனிசிமானி ஆலயத்தில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, போதகரின் பிரசங்கத்தில் உள்ள பிழைகளை லேசியேலியின் காதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.