கொழுப்பு

பிஸ்கட்டுகளைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, பையின் வாயை முடிச்சிட்டு, தொழிலுக்கு வைத்திருந்த ரப்பர் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தான் மாப்பிள்ளை.

"மாப்ள!" உள்ளறையிலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "என்ன சத்தம் அது?"

"பிஸ்கட் உடைக்கறேன் மாமா."

"எதால?"

அவன் கையிலிருந்த சுத்தியலைப் பார்த்தான். "கட்டையால."

"நம்ம வீட்ல கட்டையே கெடையாதே."

"கழுவிட்டேன் மாமா. சோப்புப் போட்டு நல்லாத் தேச்சுக் கழுவிட்டேன்."

"எந்த சோப்பு?" என்றார்.

அவர் அப்படித்தான் கேட்பார். சோப்பு ஆலையில் வாசனை பார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முகர்ந்து தலையாட்டினால்தான் சரக்கு வெளியே போகும். மூக்கை வைத்தே பெண்ணையும் பிள்ளையையும் படிக்க வைத்தார். அந்த மூக்குக்கு வாய்த்த மாப்பிள்ளையோ அடைப்பெடுக்கிறவன். வீட்டுத் தொட்டிகள், கழிவறைகள், ஓட்டல்களுக்குப் பின்னால் இருக்கும் கொழுப்புத் தொட்டிகள் என்று எங்கே எது அடைத்துக்கொண்டாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஊரில் பாதிப் பேருடைய போனில் அவன் பெயரே 'அடைப்பு' என்றுதான் பதிவாகியிருந்தது.

இந்த வீட்டுக்கும் முதலில் அதற்காகத்தான் வந்தான். சமையலறைக் குழாயிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு கொழுப்புக் கட்டியை உருவி வெளியே போட்டபோது, மாமனார் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போனவர் சாயங்காலம்தான் திரும்பினார். பெண் மட்டும் போகாமல் பக்கத்தில் குனிந்து, "ஐயே, இது எங்க வீட்லயா இருந்துச்சு?" என்று கேட்டுக்கொண்டு நின்றாள். அப்பா திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்று மச்சான் இன்றைக்கும் கிண்டலடிப்பான்.

கல்யாணத்துக்கு மாமனார் தடை சொல்லவில்லை. மரியாதைக்கும் குறை வைக்கவில்லை. வாசலில் கால் வைத்ததும், "வாங்க மாப்ள, குளிச்சாச்சா?" என்பார். குளித்துவிட்டுத்தான் வந்திருப்பான். இருந்தாலும் குளியலறையில் உறை பிரிக்காத புது சோப்பு ஒன்று அவனுக்காகக் காத்திருக்கும். மறுபடியும் குளிப்பான். கல்யாணத்தன்றுகூட அந்தக் கேள்வி வந்தது.

இப்போது அந்த மூக்கே போய்விட்டது. மூக்குக்குப் பின்னால் கட்டி. மருந்தும் கதிர்வீச்சுமாக முகத்தின் இடது பக்கம் வீங்கி, ஒரு கண் மூடிக்கொண்டது. பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமென்று மகளும் மருமகனும் இந்த மூன்றாம் மாடிக்கே குடிவந்துவிட்டார்கள். இனி கேட்டதைக் கொடுங்கள் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மாமனார் கேட்டது 'அடுக்கு'. மகள் வருஷத்துக்கு ஒருமுறை அவர் பிறந்தநாளுக்குச் செய்வது. கீழே பிஸ்கட், அதன்மேல் கடலை வெண்ணெய், க்ரீம், சாக்லெட், மறுபடி க்ரீம். மகள் எல்லாச் சாமானும் வாங்கி வைத்துவிட்டு, ரயிலில் டிக்கெட் பரிசோதிக்கும் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். திரும்பி வந்ததும் செய்து தருவதாகச் சொல்லியிருந்தாள். இன்று காலை மாமனார் பாலைத் தள்ளிவிட்டார். "அடுக்கு" என்றார். நாளைக்கு அவள் வந்துவிடுவாள் என்று சொன்னதற்கு, "நாளைக்கு யாரு கண்டா" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வெண்ணெயை உருக்கிப் பிஸ்கட் தூளில் ஊற்றிப் பிசைந்தான். பாதாளச் சாக்கடைக் குழியின் அடியில் வண்டல் கையில் அகப்படுவது போல் இருந்தது. கடலை வெண்ணெய் டப்பாவைத் திறந்ததும் மேலே ஒரு விரல்கடை எண்ணெய் மிதந்தது. கரண்டியை விட்டால் உள்ளே பிடித்துக்கொண்டு வர மாட்டேன் என்றது. க்ரீம் சீஸையும் போட்டுக் கிளறும்போது போன் அடித்தது.

"என்னங்க, கடலை வெண்ணெய்ல க்ரீம் சீஸ் போட்டாச்சா?" பின்னால் ரயில் தடதடத்தது.

"போட்டாச்சு. பாக்கவே சகிக்கல."

"உங்கள யாரு பாக்கச் சொன்னா? அடிக்கத்தானே சொன்னேன். சர்க்கரைத் தூளும் போட்டு, கட்டி இல்லாம அடிங்க."

"அப்புறம்?"

"க்ரீமைத் தனியா நுரைக்க அடிச்சு அதுமேல ஒரு அடுக்கு. அப்புறம் சாக்லெட்டைப் பால்ல... சார், இது உங்க சீட்டு இல்ல, அடுத்த பெட்டி... பால்ல காய்ச்சி, கெட்டியானதும் ஆறவிட்டு..."

ரயில் குகைக்குள் நுழைந்திருக்க வேண்டும். இணைப்பு அறுந்துபோனது.

மீதியை அவனாகவே ஊகித்துச் செய்தான். கண்ணாடித் தட்டில் ஒவ்வொன்றாக ஊற்றித் தடவினான். வெளுத்த மஞ்சள், அதன்மேல் வெள்ளை, அதன்மேல் கறுப்பு கலந்த பழுப்பு, மறுபடி வெள்ளை. கொழுப்புத் தொட்டியும் இப்படித்தான் படியும். காலையில் மூடியைத் தூக்கினால் மேலே ஆடை கட்டியிருக்கும். குத்தினால் உள்ளே இதே வழுவழுப்பு. அதில் தோள்வரை கையை விட்டுவிட்டு வந்து, கழுவிக்கொண்டு, பக்கத்துக் கடையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுகிற ஆள் அவன். ஒருநாளும் குமட்டியதில்லை. இந்தச் சுத்தமான சமையலறையில், புது டப்பாக்களுக்கு நடுவே, எச்சிலை விழுங்கி விழுங்கி நின்றான். இதையும் ஒரு மனுஷன் ஆசைப்பட்டுக் கேட்பானா?

குளிர்பெட்டியில் வைத்து இறுகியதும், ஒரு துண்டை வெட்டிக் கிண்ணத்தில் நிறுத்தி உள்ளே எடுத்துப் போனான்.

அறைக்கதவைத் திறந்ததும் அந்த வாடை வந்து முகத்தில் அறைந்தது. மூலைக்கு மூலை மனைவி வைத்திருந்த எலுமிச்சைத் தோல்களால் ஒன்றும் ஆகவில்லை. மாமனாரின் முகத்துக்குள் ஏதோ அழுகிக்கொண்டிருந்தது. அவருக்கு மட்டும்தான் அது தெரியாது. பார்க்க வருகிறவர்கள் வாசற்படியோடு நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள்.

தலையணையை நிமிர்த்தி அவரைச் சாய்த்து உட்கார வைத்தான். அவர் ஒற்றைக் கண்ணால் கிண்ணத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அடுக்கு மாறல. பரவால்ல."

முதல் கரண்டியை வாயில் வெகுநேரம் வைத்திருந்தார். உதட்டோரம் வழிந்ததை அவன் துணியால் துடைத்தான்.

"வழவழன்னு இருக்கு. அவ்ளோதான் தெரியுது. ருசியெல்லாம் மூக்குலதான் மாப்ள இருக்கு. நாக்கு சும்மா எடுபிடி." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "வாசனை எப்படி இருக்கு? நீங்க சொல்லுங்க."

"நல்லா இருக்கு மாமா."

"நல்லா இருக்குன்னு சொல்றதுக்கா எனக்கு ஆலையில சம்பளம் குடுத்தான்? எப்படி இருக்குன்னு கேட்டேன்."

அவன் குனிந்து கிண்ணத்தை முகர்ந்தான். "உண்மையைச் சொன்னா திட்டக் கூடாது."

"சொல்லுங்க."

"ஓட்டல் பின்னால கொழுப்புத் தொட்டி இருக்கும் பாருங்க. மூடியைத் தெறந்ததும் மொதல்ல லேசா இனிச்சாப்ல ஒண்ணு அடிக்கும். அதே வாடை."

மாமனார் அவனையே பார்த்தார். அவர் மார்பு குலுங்கத் தொடங்கியது. இருமல் என்று நினைத்து முதுகைத் தடவப் போனான். இருமல் இல்லை. சிரிக்கிறார்.

"கொழுப்பு! உங்களுக்கு ரொம்பக் கொழுப்பு மாப்ள." கண்ணோரம் நீர் வழிந்தது. "இன்னொரு கரண்டி குடுங்க."

கல்யாணம் ஆன நாளாக அவன் பேச்சுக்கு அவர் சிரித்துப் பார்த்ததில்லை. அடுத்த கரண்டியைக் கொடுத்தான். அதை விழுங்கிவிட்டு அவர் போர்வையை நீவிக்கொண்டிருந்தார்.

"மாப்ள."

"சொல்லுங்க மாமா."

"என்கிட்ட வாடை வருதா?"

அவன் கிண்ணத்தைக் கரண்டியால் கிளறினான். அடுக்குகள் கலைந்து சேறாயின.

"அவகிட்ட கேட்டா ஒண்ணும் இல்லப்பாங்கறா. பையன் வாசப்படியிலேயே நின்னு பேசறான். உங்களுக்குத்தான் தெரியும். மத்தவங்களுக்கு என்ன தெரியும்?"

"வருது மாமா."

"எப்படி?"

"செத்த எலி தண்ணியில ஊறினாப்ல."

மாமனார் தலையை மெல்ல ஆட்டினார். ஒரு சரக்கை முகர்ந்து முடிவு சொல்வதற்கு முன் அப்படித்தான் ஆட்டியிருப்பார் போலும்.

"ரொம்ப நாளாவா?"

"ஆமா."

"நீங்க மூக்கைப் பொத்தலையே."

"பழகிப்போச்சு மாமா. தொழில்."

வெளியே தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள். ஒருவழியாக அது கிளம்பிப் போனது.

"குளிச்சா போகுமா?"

"போகாது மாமா."

"ம்." அவர் வாயைத் திறந்து காட்டினார். இன்னொரு கரண்டி கொடுத்தான்.

அதை விழுங்கியதும்தான் அவர் முகம் மாறியது. கண் நிலைகுத்தியது. அவன் கிண்ணத்தைக் கீழே வைத்து நிமிர்வதற்குள் எல்லாம் அவன் மார்பில் வந்து விழுந்தது. பழுப்பும் வெள்ளையுமாக, வெதுவெதுவென்று, நூல் நூலாக. அதில் இரத்தமும் இருந்தது. சாக்லெட் இனிப்பும் அந்த அழுகல் வாடையும் ஒன்றாகக் கலந்து மேலே எழுந்தன. அவன் ஒரு கையால் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் வாயிலிருந்ததை வழித்தெடுத்தான்.

"ஒண்ணுமில்ல மாமா, ஒண்ணுமில்ல. வந்துடட்டும்."

சட்டை மாற்றி, விரிப்பு மாற்றி, வெந்நீரில் துணியை நனைத்து அவர் கழுத்தையும் கைகளையும் துடைத்துவிட்டான். அவர் கண்ணை மூடிக்கொண்டார். அழுக்குத் துணிகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினான். சத்தம் உள்ளே கேட்டுவிடக் கூடாதென்று குழாயை முழுக்கத் திறந்துவிட்டான். பிறகு தரையில் மண்டியிட்டு, குடலே வெளியே வந்துவிடும்போல ஓங்கரித்தான். நின்றுவிட்டது என்று எழுந்தால் மறுபடி பிடித்துக்கொண்டது. தன்மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. ஊர்ச் சாக்கடைக்கெல்லாம் அசையாத வயிறு, ஒரு கிழவருக்குப் போய் இப்படியா?

விரிப்பை அலசிப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு வந்து பார்த்தபோது மாமனார் அதே சாய்மானத்தில் இருந்தார். வாய் திறந்திருந்தது. அவன் புறங்கையை மூக்கருகில் வைத்துப் பார்த்தான். பிறகு கழுத்தைத் தொட்டுப் பார்த்தான். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து அவர் மோவாயை மேலே தள்ளி வாயை மூடிப் பிடித்துக்கொண்டான். கையை எடுத்தால் திறந்துகொண்டது. மறுபடி மூடிப் பிடித்தான்.

மனைவியைப் போனில் கூப்பிட்டான்.

"சாப்ட்டாரா?" எடுத்ததுமே கேட்டாள்.

"சாப்ட்டார்."

"புடிச்சுதாமா?"

"சிரிச்சார்."

"அப்பாவா? உங்ககிட்டயா?"

அவன் மாமனாரின் மோவாயை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தான். ரயில் ஏதோ பாலத்தைக் கடக்கும் சத்தம் வந்து, நீண்டு, ஓய்ந்தது.

"எப்ப?" என்றாள்.

"இப்பதான்."

"அடுத்த ஸ்டேஷன்ல எறங்கிடறேன். எதிர் வண்டி இருக்கு." குரல் உடையாமல் சொன்னாள். யாரோ டிக்கெட்டை நீட்டியிருக்க வேண்டும். "கொஞ்சம் இருங்க சார்" என்றாள். போனை மட்டும் வைக்கவில்லை.

மச்சான்தான் முதலில் வந்தான். பல் டாக்டர். க்ளினிக்கை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தான். அப்பாவின் காலைத் தொட்டு அழுதான். பிறகு தாங்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போனான். மாப்பிள்ளை தண்ணீர் கொடுக்கப் போனபோது, அவன் குளிர்பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, நின்றபடியே, பெரிய கரண்டியால் அடுக்கைத் தோண்டித் தோண்டித் தின்றுகொண்டிருந்தான். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. மீசையில் க்ரீம்.

"காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல மாப்ள," என்றான். "நல்லா இருக்கே. அவளா பண்ணா?"

கரண்டியிலிருந்து பழுப்பாக ஒரு சொட்டு தரையில் விழுந்தது. மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான். "தண்ணி குடிங்க மச்சான்," என்று மட்டும் சொன்னான்.

பொழுது சாயும் நேரத்தில் மனைவி கறுப்புக் கோட்டைக்கூடக் கழற்றாமல் வந்து சேர்ந்தாள். நேரே உள்ளே போய் அப்பாவின் வீங்கிய கன்னத்தில் தன் கன்னத்தை வைத்துக்கொண்டாள். அமரர் ஊர்தி வண்டிக்காரர்கள் வந்து மணி அடிக்கும்வரை நிமிரவில்லை.

வண்டிக்காரர்கள் இரண்டு பேர். ஒருவர் வயதானவர், இன்னொருவர் இளவட்டம். தூக்குப் படுக்கை மாடிப்படித் திருப்பத்தில் திரும்பாது என்றார்கள். "துணியில சுத்தி, ரெண்டு பக்கமும் புடிச்சு நிறுத்தினாப்ல எறக்கிடலாம் சார். கஷ்டம் இல்ல," என்றார் பெரியவர். இளவட்டம் அறைக்குள் ஓர் அடி வைத்ததும் நின்றான். முகத்தைச் சுளித்து, சட்டைக் கழுத்தை மூக்குக்குமேல் இழுத்துப் பிடித்துக்கொண்டு, "என்னண்ணே இது," என்று முணுமுணுத்தான்.

"கையை எடுய்யா," என்றான் மாப்பிள்ளை.

"சார்?"

"மூக்குலேர்ந்து கையை எடு. இல்லாட்டி வெளிய நில்லு."

மச்சான் திரும்பிப் பார்த்தான். மனைவியும் பார்த்தாள். இளவட்டம் வெளியே போய்விட்டான். மாப்பிள்ளை கட்டிலருகே போய், ஒரு கையை மாமனாரின் முதுகுக்கடியிலும் இன்னொரு கையை முழங்காலுக்கடியிலும் கொடுத்தான்.

"தனியா வேணாம் சார். எடை தெரியாது," என்றார் பெரியவர்.

"தெரியும்."

மனைவி முன்னால் ஒவ்வொரு படியாக இறங்கினாள். ஒரு கை கைப்பிடிச் சுவரிலும் இன்னொரு கை அப்பாவின் பாதத்திலும் இருந்தது. மச்சான் மேலே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். திருப்பத்தில் மாப்பிள்ளை உடம்பைப் பக்கவாட்டில் சாய்த்து, சுவரில் தன் தோளை உரசவிட்டு, மாமனாரின் தலை இடிக்காமல் திரும்பினான். இரண்டாம் மாடிக்கு வந்தபோது மூச்சு இரைத்தது. முதுகில் வியர்வை ஓடியது.

"எறக்கி வெச்சுட்டுக் கொஞ்சம் நில்லுங்க சார்," பின்னாலிருந்து பெரியவர் சொன்னார்.

"வேணாம்."

ஒரு வீட்டுக் கதவு கொஞ்சமாகத் திறந்து, மறுபடி மூடிக்கொண்டது. மனைவி நிமிர்ந்து பார்த்தாள். "ம், வாங்க," என்றாள். அவன் ஒருமுறை எம்பிப் பிடியைச் சரிசெய்துகொண்டு, காலால் துழாவி, அடுத்த படியைத் தேடினான்.