நிழல் எடுக்க வந்தவர்

கரண்ட் இல்லாத நாளில்தான் அவர் வந்தார். மாதம் ஒரு நாள் பராமரிப்பு என்று காலையில் நிறுத்தினால் சாயங்காலம்தான் விடுவார்கள். எங்கள் ஊர் அவிநாசிக்கும் கருவலூருக்கும் நடுவில் இருக்கிறது. தெருவுக்கு நான்கு வீட்டில் தறி ஓடும். அந்தச் சத்தம் நின்றுபோகிற பகல் சகிக்காது. காதில் பஞ்சு வைத்ததுபோல இருக்கும்.

நான் விழித்துக் கிடந்தேன். கோவையில் ஒரு கால் சென்டரில் இரவு வேலை பார்த்து, பிடிக்காமல் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தேன். வேலை போனாலும் பழக்கம் போகவில்லை. உடம்பு பகலில்தான் தூக்கம் கேட்டது. ஃபேன் இல்லாததால் அன்றைக்கு அதுவும் இல்லை.

"ஏனுங்க, ஊட்ல யாருங்க?"

கேட்டுக்கு வெளியே நின்றவருக்கு நாற்பது வயது இருக்கலாம். தேய்த்த சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஒரு டேப்லெட். பங்குனி வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்குகிறவர். சட்டையில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

அப்பா அங்கப்பன் எழுந்து போய்க் கூட்டி வந்தார். கேட்டோடு ஒருவரைத் திருப்பி அனுப்ப அவருக்குத் தெரியாது. நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார், பிறகு விசாரணையை ஆரம்பித்தார். எந்த ஊர், யார் வீடு, எந்தக் கோயில், குலத்தில் என்ன கூட்டம். எங்கள் பக்கத்தில் புது ஆளை எடை போடுவது இப்படித்தான். ஒரே கூட்டம் என்றால் பங்காளி, அண்ணன் தம்பி முறை. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான். இரண்டில் ஒன்று தெரிந்துவிட்டால் அந்த ஆள் அந்நியன் இல்லை.

அவர் எங்கள் கூட்டத்தின் பெயரைச் சொன்னார். எங்கள் குலதெய்வக் கோயிலில் மேற்குச் சுவர் இடிந்திருப்பதையும் சொன்னார்.

"அட, பங்காளிங்களா. வந்தொடனே சொல்லிருக்கலாமுங்களே" என்றார் அப்பா. விசாரணை முடிந்தது. அட்டையில் எந்தக் கம்பெனி என்று அவர் பார்க்கவில்லை. பங்காளியிடம் அட்டையைக் காட்டச் சொல்வது மரியாதை இல்லை.

"உங்களுக்குச் செலவே இல்லீங்கண்ணா" என்றார் வந்தவர். "சோலார் பேனல் எங்களுது. மாட்டறது, தொடைக்கறது, ரிப்பேரு பாக்கறது அல்லாமே நாங்க. மாடிய மட்டும் இருவத்தஞ்சு வருசத்துக்கு எங்களுக்கு லீஸுக்கு உட்டுப்போடுங்க. கரண்ட் பில்லுன்னு ஒண்ணு வராது."

"இன்னிக்கு மாதிரி கரண்ட் போச்சுன்னா?"

"நாங்க இருக்கறமுங்களே, நீங்க எதுக்குக் கவலப்படறீங்க."

அது பதில் இல்லை. அப்பா கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ராத்திரியெல்லாம் யாரோ முகம் தெரியாத வெள்ளைக்காரர்களிடம் இப்படிப் பதில் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன்.

"ஒரே ஒரு இடைஞ்சலுங்க" என்று டேப்பைத் திருப்பிக் காட்டினார். "நெழலு."

மேலிருந்து எடுத்த படம். எங்கள் மாடி. தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போடும் கம்பி, அதன் கோடு போன்ற நிழல். தென்மேற்கு மூலையில் இன்னொரு நிழல் கிடந்தது. இடுப்பில் முந்தானையைச் செருகிய ஒரு பெண்ணின் நிழல். ஒரு கை கைப்பிடிச் சுவரை நோக்கி நீண்டிருந்தது. நிழல் மட்டும்தான். அதற்குரிய ஆள் படத்தில் இல்லை.

"எப்ப எடுத்ததுங்க இது?" என்றேன்.

"போன மாசமுங்க தம்பி."

என் அம்மா பாவாத்தாள் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. நாங்கள் சாப்பிடும் முன் அந்த மூலையில் நின்றுதான் காக்கைக்குச் சோறு வைப்பாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் முகத்தில் அதிர்ச்சி இல்லை. ஒளித்து வைத்த பொருளை வேறொருவன் எடுத்துவிட்டால் வருமே, அந்த முகம்.

"பேனல் மேல நெழலு உழுந்தா ஓடாதுங்கண்ணா. எடுத்துப்போடலாம். ஊரான் தொடக்கூடாது. நான் பங்காளிங்கறதால எடுக்கலாம். நீங்க சம்மதம்னு ஒரு வார்த்த சொல்லோணும், இதுல வெரல் வெக்கோணும், அவ்வளவுதானுங்க."

"ரோசன பண்ணிச் சொல்றனுங்க" என்றார் அப்பா.

"ஆகட்டுங்க. அடுத்த மாசம் கரண்ட் நிறுத்தற அன்னிக்கு வாரனுங்க."

அவர் தெருமுனை திரும்பும் வரை காத்திருந்துவிட்டு மாடிக்கு ஏறினேன். வெறுங்கால். தரை கொதித்தது. குதித்துக் குதித்துத்தான் நடக்க முடிந்தது. தென்மேற்கு மூலைக்குப் போனதும் கால் சுடவில்லை. தண்ணீர் தெளித்துவிட்ட தரைபோல் குளிர்ந்து கிடந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை, மற்ற இடம்போலவே வெயில் அடித்தது. ஆனால் ஓர் ஆள் அளவு இடத்தில் அந்த வெயிலுக்குச் சூடு இல்லை. ஓரடி தள்ளிக் காலை வைத்தேன். சுட்டது. திரும்ப உள்ளே வைத்தேன்.

"செருப்புப் போட்டுட்டு வரக்கூடாதா?" பின்னால் அப்பா நின்றார்.

"உங்களுக்குத் தெரியுங்களா இது?"

"காரியம் முடிஞ்ச மறுநாளே தெரியும். மத்தியானம் வந்து சித்தநேரம் உக்காருவேன். ஏதாச்சும் பேசிட்டு எறங்கிருவேன்."

"அம்மா பேசுங்களா?"

"பேசுனா உனக்குக் கேக்காதா? நேரா உன்ற தலைக்கு மேலதான இருக்கறா. பட்டப்பகல்ல தூங்கற லட்சணத்துக்கு உன்னையத்தான் மொதல்ல வைவா."

சிரிக்கிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அந்தக் குளிர்ச்சிக்குள் காலை நீட்டி உட்கார்ந்தார். எழுபது வயது ஆளுக்கு உலகத்தில் மிஞ்சியிருந்தது அந்த ஓர் ஆள் இடம். நானோ அவர் காலத்துக்குப் பிறகு வீட்டை விற்றுவிட்டுப் போவது என்று முடிவு செய்து வைத்திருந்தவன். இதை யாரிடமும் சொன்னதில்லை. தரகர் ஒருவரிடம் மட்டும் விசாரித்திருந்தேன்.

அந்த மாதம் முழுக்க நாங்கள் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவில்லை. அப்பா வழக்கம்போல மத்தியானம் மேலே போனார். நான் கீழே படுத்து, தறிச் சத்தத்துக்கு நடுவே காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

மறுபடி கரண்ட் நிறுத்திய அன்று காலை, ஊர்க்கோடியில் இருக்கும் வெங்கடபதி வீட்டுக்குப் போனேன். ஊரில் முதலில் பேனல் மாட்டியவர் அவர். எங்களுக்கு வேறு கூட்டம், எனக்கு மாமா முறை. மாமா டி.வி.யைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டி.வி. ஓடவில்லை.

"வா கண்ணு, உக்காரு. காத்து வராது, கோவிச்சுக்காத" என்றார் ராசாத்தாள் அத்தை.

"பேனல் இருக்குதுங்களே அத்தை?"

"லைன்ல கரண்ட் போனா இதும் நின்னுருமாமா. மாட்டி முடிச்சுப்போட்டுத்தான் சொன்னான். கேட்டா, நீங்க கேக்கலீங்களேங்கறான்."

"யாருங்க வந்தது?"

"பங்காளிதான்" என்றார் மாமா. "நம்ம கூட்டம். கோயிலு, அய்யன் பேரு, அத்தனையும் கரெக்டாச் சொன்னான். அடையாள அட்ட போட்டிருந்தான். ஆளு வேர்க்கவே மாட்டான்."

ஓர் ஆள் இரண்டு கூட்டத்தில் பிறக்க முடியாது. சிறு பிள்ளைக்குத் தெரியும்.

"நெழலு எதாச்சும் இடைஞ்சல்னு சொன்னாங்களா?"

மாமா டி.வி. பக்கம் திரும்பிக்கொண்டார். அத்தைதான் என்னைப் பொடக்காலிக்குக் கூட்டிப் போனார். வீட்டுக்குப் பின்னால் பெரிய வேப்பமரம். "இது மறைக்குதுன்னான். வெட்டச் சொல்லுவானோன்னு பயந்தேன். மரத்தத் தொடவே இல்ல சாமி. நெழல மட்டும் எடுத்துக்கிட்டான்."

மரம் பச்சைப்பசேலென்று இலை அடர்ந்து நின்றது. அதன் அடியில் வெயில் வெட்டவெளியில் விழுவதுபோல விழுந்தது. தரையில் ஓர் இலையின் நிழல்கூட இல்லை. அடிமரத்தில் கட்டியிருந்த கன்றுக்குட்டி நாக்கைத் தொங்கவிட்டு மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. கயிறு கழுத்தை இறுக்கியும் நிற்கவில்லை.

"அவுத்து உள்ள கட்டலாமுங்களே அத்தை."

"கட்டிப் பாத்தாச்சு. அத்துட்டு இங்கயேதான் வருது. மரம்னா நெழலு இருக்கும்னு அதுக்கு நெனப்பு."

உள்ளே வந்து மாமாவிடம் கேட்டேன். "திருப்பிக் கேக்கலாமுங்களே?"

"இருவத்தஞ்சு வருசம் அவிங்களுது. வாயால சம்மதம் சொல்லியாச்சு, வெரலும் வெச்சாச்சு." ஓடாத டி.வி.யிலிருந்து அவர் கண்ணை எடுக்கவில்லை. "உங்கப்பன் இன்னும் வெக்கலீல்ல? போய்ச் சொல்லு."

ஓடினேன் என்று சொல்ல முடியாது. வேகமாக நடந்தேன். வழியெல்லாம் என் நிழல் முன்னால் விழுகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டேன்.

அவர் வந்துவிட்டிருந்தார். மாடிப்படியின் அடியில் அவரும் அப்பாவும் நின்றார்கள். வந்தவர் கை டேப்பை நீட்டியிருந்தது. முதல் படியில் அவர் கால் வைக்கவில்லை.

"நீங்க என்ன கூட்டமுங்க?" என்றேன்.

"உங்க கூட்டந்தானுங்க தம்பி."

"வெங்கடபதி மாமன் ஊட்ல?"

"அங்க அவிங்க கூட்டமுங்க." தடுமாற்றமே இல்லை. மரியாதையும் குறையவில்லை. "எந்த ஊட்டுக்குப் போறனோ அந்த ஊட்டுக் கூட்டமுங்க."

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். "பங்காளின்னா எழவுக்கு வந்திருக்கோணும். என்ற ஊட்டுக்காரி செத்தன்னிக்கு வந்தீங்களா?"

"வந்திருந்தனுங்கண்ணா. நீங்க யாரையும் பாக்கற நெலமைல இல்லீங்க."

அப்பா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நெசந்தான். கேட்டுப் பக்கத்துல நின்னாரு. உங்கம்மாவத் தூக்கற வரைக்கும் மாடியவே பாத்துட்டு நின்னாரு. நான் யாரோன்னு உட்டுப்போட்டேன்."

"அப்பா, அம்மாவ எடுத்துட்டுப் போயிருவாரு. மாமன் ஊட்டு மரத்தப் போய்ப் பாருங்க. இந்த ஆள நம்பாதீங்க."

"தொலைக்க மாட்டமுங்க தம்பி" என்றார் அவர். "இங்க கெடந்தா வெயில்ல காஞ்சு அதுவாத் தேஞ்சுரும். எங்ககிட்ட இருந்தா இருவத்தஞ்சு வருசத்துக்கு ஒரு பொட்டுக் கொறையாது."

"நடுவுல நான் பாக்கோணும்னா?" என்றார் அப்பா.

"பாக்க முடியாதுங்கண்ணா. ஆனா இருக்கும்."

அப்பா விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் புரிந்தது. அவர் ஏமாறவில்லை. எல்லாம் தெரிந்துதான் விரலைத் துடைக்கிறார்.

"இவரு பங்காளியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல" என்றார் என்னிடம். "எனக்குத் தெரியாதா? ஆனா நான் போனா நீ என்ன பண்ணுவ? தரகன்கிட்டப் பேசிட்ட, அவனே வந்து சொன்னான். வாங்கறவன் இடிச்சுப்போட்டுக் குடோன் கட்டுவான். அவ எங்க போவா? இவருகிட்ட வெரல் வெச்சா இருவத்தஞ்சு வருசத்துக்கு எவனும் ஊட்டத் தொட முடியாது. பொய்யோ நெசமோ, அந்தாளு ஒரு வாக்குச் சொல்றாரு. நீ இதுவரைக்கும் ஒண்ணும் சொல்லலியே."

விரல் டேப்புக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"விக்க மாட்டேன்" என்றேன்.

விரல் நின்றது.

"ஊட்ட விக்க மாட்டனுங்கப்பா."

வந்தவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "இருவத்தஞ்சு வருசத்துக்குமுங்களா தம்பி?"

"ஆமா."

"நீங்களே இங்க இருப்பீங்களா? ஆளு வெச்சுப் பாத்துக்கறது இல்லையே?"

"நானேதான்."

"அப்பாவுக்குப் பொறவு அந்த மூலைல ரெண்டு நெழலு இருக்குமுங்க. அப்பவும் மேல வருவீங்களா?"

அப்பா தரையைப் பார்த்தார். இல்லை என்று சொல்ல அது இடம் இல்லை. "வருவேன்" என்றேன்.

அவர் தலையாட்டினார். பிறகு டேப்பை அணைத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "அப்பச் சரிங்கண்ணா. இந்த ஊட்ல வேல முடிஞ்சுதுங்க" என்றார். ஏமாந்த முகம் இல்லை அது. வந்த காரியம் கைகூடியவன் முகம். கேட்டைச் சாத்திவிட்டு எங்கள் தெருவிலேயே நடந்து போனார்.

அப்பா படி ஏறிப் போனார். நான் உள்ளே போய்ப் படுத்தேன். தறி ஓடாததால் மேலே நடப்பதெல்லாம் கேட்டது. அவர் காலை நீட்டி உட்காரும் சத்தம், தொண்டையைச் செருமும் சத்தம்.

"போயிட்டான்" என்றார் அப்பா. கொஞ்சம் நிறுத்தினார்.

"ஆமா, உன்ற பையன் விக்க மாட்டேன்னுதான் சொல்லீருக்கறான்."

மறுபடி நிறுத்தினார். இந்த முறை நீளமாக இருந்தது. ஓர் ஆள் ஒரு கேள்வியை முழுதாகக் கேட்டு முடிக்கிற அளவுக்கு நீளம். நான் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை.

"நம்பலாமான்னா எனக்கென்ன தெரியும்?" என்றார் அப்பா. "நீ வேணா பாத்துக்க."