சராசரி முந்நூற்று மூன்று

தன் அண்ணிக்குக் கண் தெரியவில்லை என்று மேலாளர் சொன்னதை மருந்துத் தொழிற்சாலையின் எலக்ட்ரீஷியனால் நம்ப முடியவில்லை. மாத்திரை அட்டைகளைச் சரிபார்க்கும் மேஜையில் பதினோரு வருடமாக உட்காருபவள் அவள். ஒரு குழி காலியாக இருந்தாலும் அந்த அட்டையைத் தனியே எடுத்துப் போட்டுவிடுவாள். இந்த மாதம் மட்டும் அப்படி ஏழு அட்டைகள் அவள் கையைத் தாண்டிப் போய்விட்டன. வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளச் சொல்லிவிட்டார்கள். அண்ணன் போன பிறகு அவளுக்கென்று இருந்தது அந்த வேலை ஒன்றுதான்.

வீட்டில் ஒரே ஒரு பல்பு எரிந்த காலத்தில், அதற்கு நேர் கீழே பாயை விரித்து, சிறுவனாக இருந்த அவனைப் படிக்க உட்கார வைத்தவள் அவள். அவள் சுவரோரமாகப் போய்த் துணி தைப்பாள். வெளிச்சத்துக்கு வரச் சொன்னால், "இங்கயே நல்லாத் தெரியுது" என்பாள். தன் சட்டைப்பையில் இருக்கும் டெஸ்டர் அண்ணி போட்ட பிச்சை என்று அவன் யாரிடமும் கூசாமல் சொல்வான்.

"என்ன அண்ணி ஆச்சு?" என்று கேட்டான்.

"வயசாச்சுப்பா, வேறென்ன? கண்ணாடிய மாத்தியும் பாத்துட்டேன். வீட்டுல ஊசியில நூல் கோக்க வருது, இங்கதான் மங்கலாயிடுது."

வாய் தவறி வந்த அந்தக் கடைசி வரிதான் அவனைப் பிடித்துக்கொண்டது.

போன மாதம் மருந்து வாங்கும் கம்பெனி ஒரு கடிதம் போட்டிருந்தது. மேஜை மேல் வெளிச்சம் சராசரியாக முந்நூறு லக்ஸ் இருக்க வேண்டுமாம். மேஜை பத்தடி நீளம். நடுவில், மேஜைக்கு மூன்றரை அடி மேலே ஒரே விளக்கு. இன்னொன்று வாங்க மேலாளருக்கு மனசு வரவில்லை. மேஜையின் நீளத்தில் ஐந்து இடங்களைக் குறித்து, ஒவ்வொன்றும் விளக்கிலிருந்து எத்தனை அடி, வெளிச்சம் எவ்வளவு சாய்ந்து விழுகிறது என்று இவன் கணக்குப் போட்டான். சராசரி நூற்று நான்குதான் வந்தது. விளக்கை இரண்டடி இறக்கினான். சராசரி முந்நூற்று மூன்று. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான், மேலாளர் முதுகில் தட்டினார்.

இப்போது அதே தாளை எடுத்து, சராசரியை விட்டுவிட்டு ஐந்து எண்களையும் பார்த்தான். நடுவில் ஆயிரத்து நூற்று நாற்பத்தெட்டு. அதற்கு இரு பக்கமும் நூற்று ஐம்பத்தாறு. ஓரங்களில் இருபத்தேழு. இறக்குவதற்கு முன் ஓரத்தில் நாற்பது இருந்திருக்கிறது. தாழ்ந்த விளக்கு நடுவில் கொட்டித் தீர்த்துவிட்டு, ஓரத்தைப் பட்டும் படாமலும் தடவிவிட்டுப் போயிருக்கிறது. ஒரு ஓரத்தில் காலிப் பெட்டிகள். இன்னொரு ஓரம் அண்ணியின் இடம்.

மறுநாள் காலை மேலாளரை அண்ணியின் ஸ்டூலில் உட்கார வைத்து, "இருபது அட்டை பாருங்க சார்" என்றான். கண்ணாடி போடாத கண் என்பதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. பார்த்து முடித்து, "எல்லாம் சரியா இருக்கு" என்றார். தான் முன்பே அதில் கலந்து வைத்திருந்த மூன்று அட்டைகளை எடுத்து அவன் விளக்கின் கீழே வைத்தான். மூன்றிலும் காலிக் குழி. மேலாளர் முகத்தில் ஈயாடவில்லை.

"அவங்க கண்ணு மேல தப்பில்ல சார். சராசரிய மட்டும் பாத்துக் கையெழுத்து போட்ட என் மேல தப்பு. எழுதியே குடுத்துடறேன்."

மேலாளர் இன்னும் இரண்டு விளக்குக்குச் சீட்டு எழுதினார். வெள்ளிக்கிழமைப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

மற்றவர்கள் சாப்பிடப் போன நேரத்தில் அவன் பழைய விளக்கை உயர்த்தி, இரு ஓரங்களிலும் புதியவற்றை மாட்டினான். அண்ணி ஒரு அட்டையைத் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லா இருப்பப்பா. என் பொழப்பக் காப்பாத்திட்ட."

"கெடுத்ததே நான்தான் அண்ணி. லைட்ட எறக்கின அன்னிக்கே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"தெரிஞ்சுது. தாள்ல உன் கையெழுத்து இருந்துதே. உன்ன மாட்டி விடச் சொல்றியா?" அவள் சிரித்தாள். "எனக்கு ஓரம் பழக்கம்தானே."

இவளுக்கு எப்படி நன்றி சொல்வது என்று இந்த வயதிலும் அவனுக்குத் தெரியவில்லை. அவளுடைய ஸ்டூலை இழுத்து மேஜையின் நடுவில், விளக்குக்கு நேர் கீழே போட்டு, அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். பிறகு சுவரோரமாகப் போய் நின்றுகொண்டான்.

"அங்க ஏம்பா நிக்கற? இருட்டா இல்ல?"

"இங்கயே நல்லாத் தெரியுது அண்ணி" என்றான்.