கசந்த சுரைக்காய்

காய்ச்சல் விட்டு மூன்று வாரமாகியும் அவளுக்கு நாக்கில் ருசி திரும்பவில்லை. உப்பும் சர்க்கரையும் ஒன்றாகிவிட்டன. தேயிலைக் கம்பெனியில் ருசி பார்த்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இது தெரிந்தால் பிழைப்பில் மண்தான். அதனால் யாரிடமும் மூச்சு விடவில்லை. தேநீரின் நிறத்தைப் பார்த்தும், பக்கத்தில் இருப்பவர்களின் முகத்தைப் பார்த்தும் ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். கட்டிய புருஷனிடமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வீம்பு, வேறென்ன?

அவர் பஸ் டிரைவர். நேரங்கெட்ட நேரத்தில் கண்டதையும் தின்று உடம்பில் சர்க்கரை ஏறிவிட்டதால், இரண்டு மாதமாகக் காலையில் பச்சைச் சாறுதான். அன்றைக்கும் ஒரு பிடி கீரை, பாதி வெள்ளரி, கொஞ்சம் புதினா, தோல் சீவிய சுரைக்காய், எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து எலுமிச்சை பிழிந்தாள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அவள் ஒரு சொட்டு வாயில் விட்டுத் தலையாட்டினால்தான் அவர் டம்ளரைத் தொடுவார். "மேடம் பாஸ் பண்ணிட்டாங்களா?" என்று கிண்டல் வேறு. அவள் கரண்டியை நக்கினாள், தலையாட்டினாள். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு முழு டம்ளரையும் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

மீதியைக் கேட்டு மாடியில் குடியிருக்கும் நாத்தனார் இறங்கி வந்தாள். ஒரு வாய் வைத்தவள் ஓடிப்போய்த் தொட்டியில் துப்பினாள்.

"அண்ணி, இது கசக்குது. சுரைக்காய் கசந்தா விஷமாச்சே. நீங்க ருசி பாக்கலையா?"

சுரைக்காய் கசந்தால் தூக்கிப் போட வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததா? நறுக்கும்போதும் வழக்கம்போல் ஒரு துண்டைக் கடித்துத்தான் பார்த்தாள். கடித்து என்ன பிரயோஜனம்?

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போனைப் பைக்குள் போட்டுவிடுகிற நல்ல மனுஷர் அவர். டிப்போவுக்குப் போன் போட்டால், வண்டி எடுத்து இருபது நிமிஷமாகிறது என்றார்கள். வளைவிலோ பாலத்திலோ அவருக்கு வயிற்றைப் புரட்டினால்? பின்னால் ஐம்பது பேர் உட்கார்ந்திருப்பார்களே. மறுபடியும் மறுபடியும் அவர் நம்பரையே அழுத்தினாள். நாத்தனார் ஏதேதோ தைரியம் சொன்னாள். ஒன்றும் காதில் ஏறவில்லை.

போன் அடித்தது. கண்டக்டர்.

"அக்கா, வண்டிய ஓரங்கட்டிட்டாரு, யாருக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அண்ணனுக்கு வாந்தி நிக்கல. ரத்தமும் வருது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம், வந்துடுங்க."

அவள் போய்ச் சேர்ந்தபோது அவர் கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. முகம் வெளுத்திருந்தது. பிரஷர் இறங்கியிருக்கிறது, மாலை வரை எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சாற்றில் என்னென்ன போட்டாள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு கட்டிலில் கிடந்தவரிடம் திரும்பி, முதல் வாயிலேயே கசந்திருக்குமே, ஏன் முழுக்கக் குடித்தீர்கள் என்று கேட்டார்.

"கசந்துச்சு டாக்டர்," என்றார் அவர் ஈனக்குரலில். "ஆனா இவ சரின்னு தலையாட்டிட்டா. என் நாக்குலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுட்டேன்."

அவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பிற்பகல் வரை அவள் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. பிரஷர் பார்க்க வந்தபோதெல்லாம் நர்ஸின் முகத்தையே பார்த்தாள். மூன்று மணிக்கு மேல்தான் பிரஷர் கொஞ்சம் ஏறியது. ஒரு வாய் குடிக்கலாம் என்று டாக்டர் சொல்ல, நர்ஸ் உப்புக் கரைசலைக் கொண்டுவந்து நீட்டினாள். அவர் டம்ளரை வாங்கினார். வாய்க்குக் கொண்டு போகாமல், பழக்கத்தில், அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தார்.

"என்னப் பாக்காதீங்க," என்றாள். "மூணு வாரமா எனக்கு ஒரு ருசியும் தெரியலங்க."