கண்ணாடிக் கதவின் கயிறு

பளீல் காகிதத் துண்டை இழுத்தார். அது வரவில்லை.

“நல்லாப் பிடிச்சிரிக்கி” என்றார்.

“ஓம்” என்றாள் மனைவி றஹீமா.

வெள்ளிக்கிழமைகளில் இது நடக்கும். ஆண்களெல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போன பிறகு, போக முடியாத பளீல் தன் கதிரையை கேக் சுடும் விறகுப் போறணைக்கு முன்னால் போடச் சொல்வார். காஸ் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற வருடம், மனைவியின் கேக் வியாபாரம் படுத்துவிடக் கூடாதென்று அவரே தகடு வெட்டி, வெல்டிங் பிடித்துச் செய்த போறணை. கதவுக்குப் பழைய மின்சாரப் போறணை ஒன்றின் கண்ணாடி. கதவின் உள்விளிம்பைச் சுற்றி, சூடு தாங்கும் வெள்ளைக் கயிறு. கயிறு தேய்ந்தால் புகை கசியும். காகிதத்தை இடுக்கில் வைத்துக் கதவைப் பூட்டி இழுத்தால் தெரிந்துவிடும். சுலபமாக வந்தால் கயிறு போய்விட்டது. வராவிட்டால் இருக்கிறது. காகிதத்துக்குக் கலண்டர் தாளைக் கிழிக்கும்போது அதில் அறபெழுத்து இல்லையென்று றஹீமா பார்த்துக்கொள்வாள்.

கயிறு எப்போதோ போய்விட்டது. சீனி வருத்தம் என்ற நீரிழிவு பளீலின் விரல்களில் உணர்ச்சியையும் விடவில்லை, பலத்தையும் விடவில்லை. காகிதம் நின்ற இடத்தில் நிற்க, விரல்கள்தான் அதன்மேல் வழுக்கி வந்தன. அவருக்கு அது தெரியவில்லை. அவர் தூங்கும்போது றஹீமா ஒருமுறை தானே இழுத்துப் பார்த்தாள். இரண்டு விரலுக்கு வந்துவிட்டது.

வெல்டிங் புகை தின்ற நெஞ்சு அவருடையது. இனி அடுப்புப் புகையும் ஆகாதென்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். ஆளைப் பிடித்துக் கயிற்றை மாற்றலாம். மாற்றினால், பிடித்துக்கொண்டிருந்த கயிற்றை ஏன் கழற்றினாய் என்று கேட்பார்; விரல் போனதைச் சொல்ல வேண்டிவரும். அவள் போறணையை மூட்டுவதை விட்டாள். மருந்தெடுக்க, மரணம் நடந்த மையத்து வீட்டுக்கு என்று ஒவ்வொரு சாட்டுச் சொல்லித் தங்கை வீட்டுக்குப் போய், அங்கே கேக் சுட்டாள். அவரிடம் ஓடர் இல்லை என்றாள்.

“கதவுல பிழையில்ல. விறகும் கிடக்கு” என்றார் பளீல். “ஏன் புள்ள ஓடர் வரல்ல?”

“சாமான் விலை ஏறிற்று. ஆரு கேக் திங்கிற?”

“கல்முனைக்குடியில கலியாணம் நிண்டு பெய்த்தா?”

றஹீமா விறகை ஒதுக்கி வைத்தாள்.

“எனக்கு வெளங்குது. இருமுற மனிசன்ட ஊட்டுல சுட்ட கேக்க ஆரு வாங்குவாங்க? நானே வாங்க மாட்டன்.”

“அப்பிடி ஆரும் சொல்லல்ல மச்சான்.”

“மொகத்துக்குச் சொல்லுவாங்களா? நிந்தவூர்ல இரிக்கிற என்ட ராத்தாவோட கதைச்சிற்றன். நான் அங்க போய் இரிக்கன். பின்னேரம் அசருக்குப் பொறகு அவட மகன் ஹாதிக் ஓட்டோ கொண்டு வருவான்.”

“இந்த வயசுல என்னத் தலாக் சொல்லப் போறீங்களா?”

“அதெல்லாம் இல்ல. ராத்தாட மருமகள்ட கறியத் திண்டா ரெண்டு நாளையில மவுத்தாகிருவன். உனக்கு ஊட்டுக்குள்ள விதவையா இத்தா இரிக்கிற வேலதான்.” சிரிக்கப் போய் இருமினார். இருமல் அடங்கியதும், “இது உன்ட ஊடு” என்றார். “உன்ட வாப்பா உனக்குக் கட்டித் தந்த. நான் வந்த மனிசன். நான்தான் எழும்பணும்.”

மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் இங்கே வழக்கம். வந்தவர் தன் அக்கா வீட்டுக்குத் திரும்பினால் ஊர் அதைத் தலாக் என்றுதான் சொல்லும்.

றஹீமா அறைக்குள் எட்டிப் பார்த்தாள். கட்டிலில் அவருடைய சாறன்கள் இருந்தன. மடிக்க முயன்று, மடிக்க முடியாமல் சுருட்டி வைத்திருந்தார்.

அவள் திரும்பி வந்தாள். காகிதம் இன்னும் இடுக்கில் நின்றது. குனிந்து, அவர் பார்க்கும்படி, இரண்டு விரலால் இழுத்தாள். வந்தது.

பளீல் காகிதத்தைப் பார்த்தார்.

“இன்னொருக்கா வை.”

வைத்துப் பூட்டினாள். இழுத்தாள். வந்தது.

“இப்ப நான்.”

மறுபடியும் வைத்துப் பூட்டினாள். பளீல் கதிரையில் முன்னால் சாய்ந்து இழுத்தார். இந்தமுறை அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை. விரல்களைப் பார்த்தார். அவை வழுக்கி வெறுமையாக வந்தன.

“எப்ப இருந்து?”

“நோம்புக்கு முந்தி.”

“அப்ப கேக்?”

“தங்கச்சி ஊட்டுல சுடுறன். ஓடர் குறையல்ல.”

தலையாட்டினார். கையை எடுத்து மடியில் வைத்தார்.

ஜும்ஆ முடிந்து பள்ளி கலைந்தது. ஒழுங்கையால் போன ஒருவர் யன்னலுக்கு நேரே நின்று ஸலாம் சொன்னார். எந்த வருத்தத்திலும் ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் விட்டவரல்லர் பளீல். இப்போது வாய் திறக்கவில்லை. றஹீமா மெல்லிய குரலில் பதில் சொன்னாள். போனவருக்குக் கேட்டிருக்காது.

“ஹாதிக்க வர வேணாம் எண்டு சொல்லு” என்றார் பளீல். கொஞ்சம் பொறுத்து, “அந்தக் கயித்தக் கழட்டணும். நான் சொல்றன். நீ செய்.”

அவள் கத்தியை எடுத்துக்கொண்டு கதவுக்கு முன்னால் முழங்காலில் இருந்தாள்.

“சொல்லுங்க.”

“கீழ் மூலையில தொடங்கு” என்றார் பளீல், கையை மடியிலிருந்து எடுக்காமலே.