ஐந்நூறுக்கு மேல்

நகரப் பேருந்துகளின் கூரையில் பெட்டி வைத்துக் காற்றின் அழுக்கை அளக்கும் அலுவலகத்தில், பெட்டிகள் அனுப்பும் எண்களைச் சலித்து வரைபடம் போடுவது அவள் வேலை. பச்சை என்றால் நல்ல காற்று, சிவப்பு என்றால் மூக்கைப் பொத்த வேண்டியதுதான். அந்த வரைபடத்தின் மேல் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தங்கைக்கு வீடு பார்த்ததே அதை வைத்துத்தான். தங்கையின் மூன்று வயது மகளுக்கு அடிக்கடி மூச்சு இழுக்கும். "ஏழாம் நம்பர் பஸ் போற தெருவுக்குப் போ. அவ்வளவு பச்சை ஊர்லயே வேற எங்கயும் இல்ல" என்றாள். தங்கை மறுபேச்சில்லாமல் குடிபோய்ப் பத்து மாதமாகிறது.

அன்று மதியம் பெட்டிகளைப் பராமரிக்கும் மெக்கானிக் வந்து, கரியாய்க் கறுத்த வடிகட்டி ஒன்றை மேசையில் வைத்தார்.

"மேடம், மத்த பெட்டிக்கெல்லாம் மாசம் ஒண்ணு போதும். ஏழாம் நம்பர் வாரம் ஒண்ணு தின்னுது. கூடுதலா வாங்கிக் குடுங்க."

"அது சுத்தமான ரூட்டாச்சே அண்ணே. பெட்டி கோளாறா இருக்கும்."

"நாலு பஸ், நாலு பெட்டி மாத்தியாச்சு. எது போனாலும் இதே கதிதான்."

அவர் போனதும், சலிக்காத எண்களை எடுத்துப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மழைநீர் புகுந்த பெட்டிகள் தாறுமாறாக உளறின. ஐந்நூறுக்கு மேல் எது வந்தாலும் தள்ளிவிடும்படி அவசரமாக ஒரு விதி எழுதினாள். பிறகு அதை அடியோடு மறந்தும் போனாள், மகராசி.

தள்ளப்பட்ட எண்களை வரைபடத்தில் ஏற்றினாள். எல்லாம் ஏழாம் நம்பரின் மூன்று நிறுத்தங்களுக்குள் அப்பிக்கொண்டு நின்றன. அறுநூறு, எழுநூறு, எண்ணூறு. தினமும், ஒவ்வொரு நடையிலும். நடு நிறுத்தத்துக்கு எதிரே தங்கை வீடு. விதிக்குத் தப்பியவை, மழை காற்றைக் கழுவிவிட்ட நாட்களில் வந்த சொற்ப எண்கள்தான். அவற்றை வைத்துத்தான் அந்தத் தெருவுக்குப் பச்சை பூசியிருந்தாள்.

பெட்டி பாவம், நாள் தவறாமல் உள்ளதைச் சொல்லியிருக்கிறது. அதன் வாயைப் பொத்தியவள் இவள். உடனே தங்கைக்குப் போன் போட்டாள்.

"பாப்பா என்ன பண்றா?"

"காலையிலேருந்து மறுபடி இழுப்புக்கா. பயப்படாத, தூக்கிட்டு பால்கனியில உக்காந்திருக்கேன். இழுப்பு வந்தா எப்பவும் இப்படித்தான். மணிக்கணக்கா உக்காந்தாலும் நல்ல காத்துதானே, வாங்கட்டும்."

"உள்ள போ. கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்து. நான் வண்டி எடுத்துட்டு வரேன், ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

"ஏன்க்கா? நல்ல காத்துன்னு நீதானே சொன்ன?"

"தப்பா சொல்லிட்டேன்டி. பத்து மாசமா தப்பாவே சொல்லிட்டேன்."

கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. பிறகு, அந்தச் சின்ன நெஞ்சு மூச்சுக்கு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.